இடது காதுக்கு ஒரு ரிவி

சீட்டு எழுபத்தையாயிரம்.
கழிவு போகக் கையில் வந்தது அறுபத்தெட்டு.
சைக்கிளுக்கு ரயர் ஒன்று போட்டாச்சு.
மிச்சத்தைக் கிளினிக் கொப்பிக்குள் மடித்து வைத்துக்கொண்டு
விசுவமடுவில் பஸ் ஏறினோம்,
நானும் இதயராசாவும்.

முதல்நாளே சுவரை அளந்திருந்தேன்.
பூச்சுக்கு முன்னமே
வீட்டுத்திட்டக் காசு முடிந்துபோன சுவர்.
கதவுக்கும் யன்னலுக்கும் இடையில் முப்பத்தெட்டு அங்குலம்,
தையல் நாடாவால் மூன்று தரம்.
கடைக்காரர் மூலைக்கு மூலை அளப்பாங்கள், ஏமாறாதை
என்று வேலையிடத்தில் சந்திரவதனி சொல்லியிருந்தாள்.
நாற்பத்துமூன்று வாங்கினால்
யன்னல் திறபடாது.

கிளிநொச்சிக் கடையில்
சுவர் முழுக்க ஒரே கிளி.
பதினொரு திரையிலும்
ஒரே நேரத்தில் செட்டை விரித்தது.
நான் ஆடைத் தொழிற்சாலையில் நிறம் பார்க்கிறவள்.
ஒரு நாளைக்கு எண்ணூறு கழுத்துப்பட்டி
உடம்புத் துணியோடு ஒத்துப்போகுதா என்று பார்க்கிற கண்.
பதினொன்றும் பதினொரு பச்சை என்று
வாசலிலேயே கண்டுவிட்டேன்.
மூன்றாவது, சாயம் கூடினது.
ஏழாவது, நாலு தரம் தோய்த்துக் காயப்போட்டது.
கடைசியில் நின்ற ஆகப் பெரியதில்
கிளி, கிளியைவிடப் பச்சை.

"எல்லாம் ஃபோர் கே அக்கா" என்றான் நிரோஜன்.
சட்டையில் பெயர் குத்தியிருந்தது.
"ஸ்மார்ட். நெட் இருந்தா எல்லாம் வரும்.
கட்டுக்காசுக்கும் எடுக்கலாம், இருபத்துநாலு மாதம்."
கட்டுக்காசு என்றதும் இவர் என்னைப் பார்த்தார்.
நுண்கடன்காரன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டுகிற சத்தம்
எங்கள் ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரியும்.
இவருக்குக்கூட.

"கிளி வேண்டாம் தம்பி, செய்தி போடுங்கோ."

வாசிக்கிற பிள்ளையின் முகம்
ஒன்றில் மஞ்சள் பூசினமாதிரி,
ஒன்றில் காய்ச்சல்காரி.
நான் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்க
இவர் வரிசையாய் நடந்தார்,
ஒவ்வொரு ரிவிக்கும் தலையைச் சரித்து
இடது காதைக் கொடுத்தபடி.
வலது காது இரண்டாயிரத்தொன்பது மாசியோடு நின்றது.
அதைக் கடைக்குச் சொல்லவில்லை நாங்கள்.
மனுசன் ரிவியை மணந்து பார்க்குது என்று
நிரோஜன் நினைத்திருப்பான்.

"மெலியப் பண்ணுறம் எண்டு
சத்தத்தையும் சப்பையாக்கிப்போட்டாங்கள்" என்றார்.
"எல்லாம் பின்பக்கத்தாலை சுவரோடை கதைக்குது."

ஏணிக்குப் பக்கத்தில் ஒன்று நின்றது.
முப்பத்திரண்டு. போன வருடத்து மாதிரி.
முதுகு கொஞ்சம் தடிப்பு. நெட் வராது.
காட்சிக்கு வைத்தது என்பதால் பெட்டி கிழிசல்,
ரிமோட் வேறேதோ ரிவியினுடையது.
அதற்குள் இருந்து அந்தப் பிள்ளை சொன்னாள்,
முல்லைத்தீவு மாவட்டத்தில் இடியுடன் கூடிய மழை பெய்யும்.
இவர் நிமிர்ந்தார்.
"மழையாம்."
பதினைந்து வருடத்தில் முதல்தரம்,
நான் திருப்பிச் சொல்லாமல்.

நிறம் வெளிறல்தான்.
தொழிற்சாலையில் என்றால் மூட்டையோடு திருப்பியனுப்பியிருப்பேன்.
அறுபத்தொன்று சொன்னான், ஐம்பத்தெட்டரைக்கு முடிந்தது.
வொறண்டி ஒரு வருடம், திரைக்கு இல்லை.

"யூரியூப் வராதோ?" என்று கேட்ட துளசிகா
கோபத்தில் வெறும் பெட்டிக்குள் ஏறி இருந்தாள்,
சாப்பாட்டுக்குத்தான் இறங்கினாள்.

நான் மூன்று தரம் அளந்த சுவர் சரிவரவில்லை.
அங்கே வைத்தால் இவருக்கு வலது பக்கம்.
எதிர்ச்சுவரோடு மேசை போட்டு வைத்தோம்.
பின்னேரம் நாலு மணிக்கு
மேற்கு யன்னல் வெயில் நேரே வந்து திரையில் விழும்.
அந்த அரை மணித்தியாலம்
ஒரு உருவமும் தெரியாது எங்களுக்கு.
ஒருவரும் கதிரையை விட்டு எழும்புவதில்லை.
இவர் தலையைச் சரித்துக் கேட்டு
உள்ளே என்ன நடக்குது என்று சொல்லுவார்,
பாதி பிழையாக.